படிவத்தில் நாங்கள் போட்ட கோடு

என் பிரிவுபசார விழாவில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். சால்வை போர்த்தினீர்கள், கேக் வெட்டச் சொன்னீர்கள், "அக்கா நாலு வார்த்தை பேசணும்" என்று மைக்கைக் கையில் திணித்தீர்கள். நேரத்துக்கு வாருங்கள், கையைக் கழுவுங்கள், மருந்தின் பெயரை இரண்டு முறை படியுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கைதட்டினீர்கள். நான் சொல்ல நினைத்து வந்தது அது இல்லை. அன்று வாய் வரவில்லை. ஒன்பது மாதம் கழித்து எழுதுகிறேன்.

ஐம்பத்திரண்டு வயதில் ஏன் விருப்ப ஓய்வு என்று பலர் கேட்டீர்கள். முழங்கால் வலி என்றேன். முழங்கால் வலிப்பது உண்மைதான். காரணம் அது இல்லை. கடைசிவரை படித்தால் புரியும்.

பிரசவத்தைப் பற்றிச் சொல்வதற்கு நம் வார்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது கருக்கலைப்புக்கு வருகிறவர்களைப் பற்றி. அதைவிட, அவர்களை நான் என்ன செய்தேன் என்பதைப் பற்றி.

கருக்கலைப்பு என்றால் என்ன என்று நர்சிங் படிக்கும்போது ஒரே வரியில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கரு வெளியே பிழைத்திருக்கும் நிலையை எட்டுவதற்கு முன் கர்ப்பம் முடிவுக்கு வருவது. தானாக முடிந்தாலும் அந்தப் பாடம்தான், நாம் முடித்தாலும் அந்தப் பாடம்தான். அந்த வரியில் கர்ப்பம் இருக்கிறது, கரு இருக்கிறது, வாரக் கணக்கு இருக்கிறது. பெண் இல்லை. அதைக் கவனிக்க எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

வேலைக்கு வந்த பிறகு எனக்கென்று ஒரு வகைப்பாடு வைத்துக்கொண்டேன். வருகிறவர்களை மூன்றாகப் பிரிப்பேன். கட்டாயம், பாவம், கொழுப்பு. இதய நோய் உள்ளவள், கரு சரியாக வளராதவள் எல்லாம் கட்டாயம். ஏமாற்றப்பட்டவள், கெடுக்கப்பட்டவள் பாவம். மற்றவர்கள் எல்லோரும் கொழுப்பு. இதை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. ஆனால் நான் குரலை உயர்த்துவதும் தாழ்த்துவதும், முதலில் கூப்பிடுவதும் கடைசியில் கூப்பிடுவதும் இந்தப் பிரிவின்படிதான் நடந்தது. ராசிபுரத்தில் எங்கள் வீட்டில், சாப்பிடும்போது, அன்றைய கதையைக் கணவரிடம் சொல்வேன். "இன்னிக்கு ஒரு கொழுப்பு கேஸுங்க" என்று ஆரம்பிப்பேன். பெயர், ஊர் சொல்லமாட்டேன். ரகசியம் காத்ததாக எனக்கு நினைப்பு. பக்கத்தில் உட்கார்ந்து என் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள்.

சம்மதப் படிவத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கீழே கையெழுத்துக்கு ஒரே ஒரு இடம். அது அந்தப் பெண்ணுக்கு. பதினெட்டு வயது நிரம்பி, தன் நிலை அறிந்தவளாக இருந்தால் வேறு யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை. சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது. ஆனால் நான் முதலில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் புதுப் படிவக் கட்டு வந்ததும் நாங்கள் ஒரு வேலை செய்வோம். ஸ்கேல் வைத்து, ஒவ்வொரு தாளின் அடியிலும் பேனாவால் ஒரு கோடு போடுவோம். அதற்குக் கீழே 'கணவர்' என்று எழுதுவோம். வேலை குறைந்த மதிய நேரத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து, பேசிச் சிரித்துக்கொண்டு போட்ட கோடுகள். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. நான் சேர்ந்தபோதே இருந்தது. அதனால் அது விதி என்று நினைத்தேன்.

ஜலகண்டாபுரம் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். தறி ஓட்டுகிறவள். காதோரம் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. இரண்டு குழந்தைகள், சின்னவனுக்கு எட்டு மாதம். மறுபடியும் ஏழு வாரம் தள்ளிப்போயிருந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். நான் கோட்டைக் காட்டினேன்.

"ஊட்டுக்காரர் எங்கம்மா?"

"போர் போடற ரிக் வண்டியில போயிருக்காருங்க சிஸ்டர். சத்தீஸ்கர்ல இருக்காரு. பொங்கலுக்கு வந்துட்டுப் போனாருங்க. இனி ஆடிக்குத்தான் வருவாரு."

"அவர் கையெழுத்து இல்லாம ஆகாதே."

"அவருக்குத் தெரியுமுங்க. அவருதான் போகச் சொன்னாரு. போன் போட்டுத் தரட்டுங்களா, நீங்களே பேசறீங்களா?"

"போன்ல கையெழுத்துப் போடுவாரா?" என்றேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் சிரிப்புக் காட்டினேன் என்று நினைத்துச் சிரித்தாள், பாவம்.

"அப்ப மாமனாரையாச்சும் கூட்டிட்டு வா."

"அவங்களுக்குத் தெரிஞ்சா விடமாட்டாங்க சிஸ்டர். சின்னவன் இன்னும் பால் குடிக்கிறான். எனக்கு ஒடம்புல தெம்பு இல்லீங்க."

"முன்னாடியே யோசிச்சிருக்கணும்" என்றேன். அவள் கொழுப்புப் பிரிவில் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அவளுடைய சீட்டை அவள் கையிலேயே கொடுத்தேன். கையெழுத்தோடு வா என்று அனுப்பிவிட்டு, அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆட்டோவில் வந்தாள். இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக இறக்கினார்கள். ஏதோ ஒரு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறாள். எத்தனை, எப்போது, எப்படி என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாலு நாளாக இரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நடுக்கத்தோடு காய்ச்சல். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. டாக்டர் ஓடி வந்தார். இரத்தம் ஏற்றினோம், உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனோம். அன்று படிவத்தில் அவள் மட்டும்தான் கையெழுத்துப் போட்டாள். பேனா நழுவ நழுவப் போட்டாள். கணவர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பன்னிரண்டு நாளுக்கு முன் இல்லாமல் முடியாது என்ற கையெழுத்து அன்று யாருக்கும் தேவைப்படவில்லை.

பிழைத்துக்கொண்டாள். பதினோரு நாள் படுக்கையில் இருந்தாள். எங்கள் டாக்டரம்மா அங்கே வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து வரச் சொன்னார். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கோடு பிரஸ்லயே போட்டு வந்ததா?"

"இல்லீங்க மேடம். நாங்க போட்டது."

"யார் சொல்லி?"

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் படிவத்தை மேசைமேல் வைத்தார். "இதை வெச்சுத்தான் ரெண்டு வருஷமா நானும் கேஸ் எடுத்திருக்கேன். ஒரு தடவைகூடப் படிச்சுப் பார்க்கலை" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து மிச்சமிருந்த கட்டைக் கிழித்துப்போட்டோம். அவ்வளவுதான் நடவடிக்கை. எங்கள் யார்மீதும் புகார் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நீங்க என்ன பண்ணுவீங்க சிஸ்டர், ரூல்ஸ் அப்படி. வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அப்படி ஒரு ரூல்ஸே இல்லை என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் திருந்திவிட்டதாக நினைத்தேன். பெண்ணின் கையெழுத்து இருக்கிறதா, போதும் என்று ஆனேன். அதுவும் போதாது என்று சில வருடம் கழித்து இன்னொரு பெண்ணிடம் தெரிந்துகொண்டேன்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். மாமியார் மருமகளைக் காரில் அழைத்து வந்திருந்தார். இரண்டு பெண் குழந்தைகள் ஏற்கெனவே. இது மூன்றாவது, நாலாம் மாதம். மருமகள் கேட்டதற்கு எல்லாம் "ஆமாங்க" என்றாள். கையெழுத்தும் அழகாகப் போட்டாள். கணவர் கோடு இல்லாத, சுத்தமான படிவம்.

"அவளே சொல்றா பாருங்க சிஸ்டர். நாங்க யாரும் கட்டாயப்படுத்தல. ஒடம்பு முடியலீங்கறா" என்றார் மாமியார். யாரும் கேட்காத கேள்விக்கு அந்த அம்மாள் பதில் சொன்னது என் காதில் உறுத்தியது. லேபில் இரத்த வகைச் சீட்டு வாங்கி வாருங்கள் என்று அவரை அனுப்பினேன். பிறகு மருமகளிடம் கேட்டேன்.

"உனக்கு வேண்டாமா சாமி?"

அவள் சேலைத் தலைப்பின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தாள்.

"இங்க ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி வேற எங்கியாச்சும் பண்ணீங்களா?"

ஆமென்று தலையை ஆட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பொம்பளப் பாப்பாவுங்க. எம் பெரியவ பேருகூட வெச்சுட்டாளுங்க சிஸ்டர்."

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் மாமியாரைக் கூப்பிட்டு, இதைச் செய்ய முடியாது, செய்வதும் குற்றம், செய்யச் சொல்வதும் குற்றம் என்று நேராகச் சொன்னார். அந்த அம்மாள் போகும்போது என்னைத்தான் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் என்னங்க, சம்பளம் வருது. ஊட்டுக்கு வந்து பாருங்க தெரியும்" என்றார். மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு எங்கே அழைத்துப் போனார்களோ, அந்தக் குழந்தை பிறந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நாம் பார்ப்பது ஒரு மணி நேரம்தான். மீதி வாழ்க்கை காரில் ஏறிப் போய்விடுகிறது.

அன்று என் வரையறையை மாற்றிக்கொண்டேன். அவள் கேட்டு நடந்தால்தான் அது கருக்கலைப்பு. அவள் கேட்காமல் நடந்தால் அது அவள்மீது செய்யப்பட்ட ஒன்று, அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும். தறிக்காரப் பெண் கேட்டாள், நான் மறுத்தேன். இந்தப் பெண் கேட்கவில்லை, ஆனால் படிவம் கேட்டதாகச் சொன்னது. இரண்டு இடத்திலும் காகிதத்தை நம்பினால் தப்பாகத்தான் போகும். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும். இதை உங்களுக்கு முன்னால் வந்த பல பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். நல்ல சிஸ்டர் என்று பெயரும் வாங்கினேன்.

வீட்டில் சாப்பாட்டு நேரத்துக் கதைகள் மட்டும் மாறவில்லை. வார்டில் கேள்வியை மாற்றிக்கொண்டவள், வீட்டுக்கு வந்ததும் பழைய மூன்று பிரிவுகளையும் எடுத்துப் பேசினேன். பேச்சுத்தானே என்று.

இனி என் மகளைப் பற்றி. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எம் பேரு வேண்டாம், மத்ததெல்லாம் எழுதிக்கோ" என்றாள். இது நடந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. குமாரபாளையத்தில் ஒரு துணிக் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை. வாரம் முழுக்க ஹாஸ்டல், சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். வரன் பார்க்க ஆரம்பித்திருந்தோம்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கணவர் வாழப்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். காலைச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். அடிவயிறு, வலது பக்கம். வெளியே வாங்கித் தின்றது சேரவில்லை என்று நினைத்தேன். பிறகு குடல்வாலாக இருக்குமோ என்று பயந்தேன்.

"டேட் சரியா வந்துச்சா கண்ணு?"

"ம். போன வாரந்தான்."

"வேற ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லம்மா."

கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை வலிக்கிறது என்றாள். தைலம் எடுத்துத் தேய்த்துவிட்டேன்.

நீங்கள் படித்துவிட்டு வந்தவர்கள். இந்த இடத்தில் உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். எனக்கும் போட்டிருக்க வேண்டும். கருவுறும் வயதுள்ள பெண், ஒரு பக்க அடிவயிற்று வலி, கூடவே தோள்பட்டை வலி. வேறு எந்தத் தாய் தன் மகளை இப்படிக் கூட்டி வந்திருந்தாலும் அரை நிமிடத்தில் நான் டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். வயிற்றுக்குள் இரத்தம் தேங்கினால் தோளில் வலிக்கும் என்று எத்தனையோ மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதற்கு முதலில் என் மகள் கர்ப்பமாக இருக்கக்கூடும் என்று நினைக்க வேண்டும். அந்த நினைப்பு வர என் தலையில் இடமே இல்லை. தைலம் தேய்த்தேன். இரண்டு மணி நேரம் போனது.

எழுந்து நிற்கப் பார்த்தவள் கண் இருட்டிச் சரிந்தபோதுதான் பக்கத்து வீட்டுக் காரில் போட்டுக்கொண்டு நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவசரப் பிரிவில் நர்ஸாக ஒரு சின்னப் பெண் பணியில் இருந்தாள். உங்கள் வயதுதான். நாடி பிடித்தாள், பிரஷர் பார்த்தாள், முகம் மாறியது. குளுக்கோஸ் ஏற்ற ஊசி குத்திக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"நானும் ஸ்டாஃப்தாம்மா. மெட்டர்னிட்டில இருக்கேன். ஹிஸ்டரி நானே சொல்றேன், எழுதிக்கோ."

"சரிங்க சிஸ்டர். வெளிய இருங்க."

"அவளுக்குப் பேச முடியல, பாரு."

"பேசுவாங்க. நீங்க போங்க."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் நான் நகரும்வரை அந்த ஊசியிலிருந்து நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்தேன். கூட வந்தவர்களை எதற்காக வெளியே அனுப்புவோம் என்று எனக்குத் தெரியாதா? நடைபாதையில் நின்றபோதுதான், அந்தச் சுவருக்குள் என்ன கேள்வி கேட்கப்படுகிறது என்பது எனக்கு உறைத்தது. உள்ளே என் மகள் என்ன பதில் சொல்கிறாள் என்பதும்.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, மகள் எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டாள். பத்து நாளுக்கு முன் ஒரு தோழி வாங்கித் தந்த மாத்திரையை ஹாஸ்டலில் வைத்துப் போட்டிருக்கிறாள். இரத்தம் பட்டிருக்கிறது. முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். கரு கர்ப்பப்பையிலேயே இல்லை. கருக்குழாயில் இருந்திருக்கிறது. மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. போடும் முன் ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். ஸ்கேன் எடுக்கச் சொல்ல அவளுக்கு யாரும் இல்லை. மகப்பேறு வார்டில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவளின் மகளுக்கு.

டாக்டர் வெளியே வந்து, குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் நிறைந்திருக்கிறது, உடனே திறக்க வேண்டும் என்றார். மகள் சொல்லச் சொன்னதால் மற்றதையும் சொன்னார். ஆபரேஷன் சம்மதப் படிவம் வந்தது. பழக்கத்தில் பேனாவுக்குக் கையை நீட்டினேன். அந்தச் சின்னப் பெண் என்னைத் தாண்டிப் போய் என் மகளிடம் பேனாவைக் கொடுத்தாள். மகள் படுத்தபடியே போட்டாள். உள்ளே கொண்டு போகும்போது என் பக்கம் திரும்பி, "திட்டாதம்மா" என்றாள். கடைசியாக அவள் என்னிடம் பேசிய வார்த்தை அதுவாக இருந்திருக்கக்கூடும்.

ஒரு மணி நேரத்தில் ஆபத்தைத் தாண்டினாள். ஒரு குழாயை எடுத்துவிட்டார்கள்.

நான்காம் நாள் என் கணவரின் அக்கா ஹார்லிக்ஸும் பழமும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். "என்ன ஆபரேசன் அம்மிணி?" என்றார். "சினைப்பைல கட்டிங்க. நல்லவேளை, சாதாரணக் கட்டிதான்" என்றேன். இருபத்தெட்டு வருட அனுபவத்தில் பிசிறில்லாமல் வந்தது. அவர் போன பிறகு மகள் கேட்டாள்.

"கட்டின்னு சொன்னியே, என்னையக் காப்பாத்தவா, உன்னையவா?"

"ரெண்டுபேரையுந்தான்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல, என்ன சொல்லட்டும்னு."

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"அம்மா, டாக்டர் சொன்னாங்க, குழாயில இருந்தது எப்படியும் பொழைச்சிருக்காது, அதை எடுத்தது அபார்ஷன் கணக்குல வராதுன்னு. அப்ப நான் பண்ணுனது அபார்ஷனே இல்லையா?"

எனக்கு ஒரு நொடி பெரிய நிம்மதி வந்தது. அதை மறைக்கமாட்டேன். இல்லை என்று சொல்லிவிடலாம். மருத்துவப்படி அது பொய்யும் இல்லை. அவளுக்கும் எனக்கும் அந்த வார்த்தை ஒட்டாமல் போய்விடும். வரையறை என்பதை மனிதர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று அப்போது தெரிந்தது. பின்னால் போய் நின்றுகொள்ள.

"மாத்திரையை என்ன நெனச்சுப் போட்ட?" என்றேன்.

"வேண்டாம்னு நெனச்சுத்தான்."

"அப்ப அது கருக்கலைப்புத்தான் சாமி. மாத்திரை கேக்கல, அவ்வளவுதான். குழாய எடுத்தது வேற, அது உன் உசுரைக் காப்பாத்துனது. ஒண்ணை எடுத்து இன்னொண்ண மூட வேண்டாம்."

"தப்பாம்மா?" என்றாள்.

எத்தனை பெண்களுக்கு இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். அவர்கள் கேட்காமலே சொல்லியிருக்கிறேன். மகள் கேட்டபோது வரவில்லை. கரு சின்னது என்பதால் அது ஒன்றுமே இல்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வெளியே எடுத்ததை ட்ரேயில் ஏந்தியவள் நான். அதே நேரம், அவள் வேண்டாம் என்று நினைத்ததற்கு அவளிடம் காரணம் இருந்தது. கேட்டேன், சொன்னாள். அதைக் காரணம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. "தெரியல கண்ணு. மத்தவங்களுக்கெல்லாம் சட்டுனு சொன்னேன். உனக்குச் சொல்ல வரலைன்னா, அவங்களுக்குச் சொன்னதும் சரியில்லைனுதான் அர்த்தம். தனியா போட்டியே, அது மட்டும் நடந்திருக்கக் கூடாது" என்றேன்.

"யாருகிட்ட வரச் சொல்ற? 'கொழுப்பு கேஸ்'னு நீ சொல்லாத நாள் உண்டா? நான் சோத்தத் தின்னுக்கிட்டே கேட்டு வளந்தவம்மா."

பக்கத்துப் படுக்கை அம்மாள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள், எங்களுக்கு மரியாதை கொடுக்கிற மாதிரி.

ஊருக்குத் திரும்பிச் சில மாதம் வேலைக்குப் போனேன். ஒவ்வொரு பெண் உள்ளே வரும்போதும் என் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று எனக்கே பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடு ஊசி போடக் கூடாது. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன்.

உங்களில் சிலருக்கு இந்த வேலையில் மனம் ஒப்பாது. அது எனக்குப் புரியும். அப்படிப்பட்டவர்கள் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள், வேறொருவர் அந்த இடத்துக்கு வரட்டும். ஒப்பாத மனதோடு அந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு, குரலாலும் காத்திருக்க வைப்பதாலும் இல்லாத விதியாலும் அவளைத் தண்டிக்காதீர்கள். அவளுக்கு நீதி சொல்ல ஊரே இருக்கிறது. மாத்திரை போடும் முன் ஸ்கேன் எடுக்கச் சொல்ல நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். வீட்டில் பேசும்போதும் பார்த்துப் பேசுங்கள். நாளைக்கு உங்களிடம் வர வேண்டியவள் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அந்த அவசரப் பிரிவுப் பெண்ணைத் தேடி நன்றி சொல்லப் போனேன். ஷிஃப்ட் முடிந்து போயிருந்தாள். பெயரும் கேட்டு வைக்கவில்லை. இதைப் படிக்கிற யாராவது அவளாக இருந்தால், அம்மா, என்னை வெளியே அனுப்பியது நல்லதாகப் போயிற்று.

தையல் பிரித்த அன்று மகள் இன்னொன்று கேட்டாள்.

"நெசமாச் சொல்லு. அன்னிக்கே நேரா உங்கிட்ட வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

இந்த முறை யோசித்துச் சொன்னேன். "மொதல்ல அறைஞ்சிருப்பேன். அப்புறம் யாரு அவன்னு கேட்டிருப்பேன். மூணாவதாத்தான், எங்க வலிக்குதுன்னு கேட்டிருப்பேன்."

"மூணாவதாவாச்சும் கேட்டிருப்பியா?"

"கேட்டிருப்பேன்."

"அப்ப வந்திருக்கலாம்" என்றாள்.